பட்டும் வளையும் வாங்கிய கை

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பதாம் ஆண்டு மாசி மாதம், வடசேரிக்கு அப்பால் இருந்த குழந்தைகள் தர்ம ஆஸ்பத்திரியின் முற்றத்தில் ஓலைப்பந்தல் போட்டிருந்தார்கள். அதில் இருந்தவர்கள்: அரண்மனைக்காக வந்த அதிகாரி பேஷ்கார், அவருடைய குமாஸ்தா, ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அன்னம்மா, கம்பவுண்டர் குமாரதாஸ், ஆயா செசிலி, தாழக்குடி மேலமடத்து வீட்டுக் காரணவர் நாராயணபெருமாள் பிள்ளை, அதே ஊர் கணபதியப்பன் பிள்ளை, பிறகு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த தாய்மார் கொஞ்சம் பேர். காரணவரின் தங்கை தாணம்மாள் பந்தல்வரை வந்தாள், உட்காரவில்லை. யாரை முன்னிட்டு இத்தனை ஏற்பாடும் நடந்ததோ அந்த அழகியநாயகி பந்தலில் இல்லை. வார்டின் கோடி அறையில் கட்டிலில் கிடந்தாள்.

நாராயணபெருமாள் பிள்ளைக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. அவர் முதுகு வளைந்து பார்த்தவர் இல்லை. பொய் சொல்லிக் கேட்டவரும் இல்லை. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் அதுவரை மருமக்கள் வழிதான். வீட்டின் மூத்த ஆண் காரணவர். அவருக்குப் பிறகு வீடு அவர் பெற்ற பிள்ளைகளுக்கல்ல, அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. சில வருஷங்களுக்கு முன்னால் சட்டம் வந்து அந்த முறையை மாற்றிப் போட்டது. எத்தனையோ பெரிய வீடுகள் பாகம் பிரிந்து அடுப்பு அடுப்பாகச் சிதறின. மேலமடத்து வீடு பிரியவில்லை. பிரிவதற்கு அங்கே ஆளும் இல்லை. காரணவர், விதவைத் தங்கை தாணம்மாள், அவளுடைய ஒரே மகள் அழகியநாயகி. வீட்டுக்கு மிச்சமிருந்த ஒரே திரி அந்தப் பெண்தான்.

அவளைப் பூதப்பாண்டியில் நல்ல இடமாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். மாப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். இருபத்தோரு வயதில் திரும்பி வந்தவள் ஒரு வருஷம் அறைக்குள்ளேயே இருந்தாள். பிறகு ஒரு நாள் காலையில் காரணவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து நின்று, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்கப் போவதாகச் சொன்னாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. போவதாகச் சொன்னாள்.

"மேலமடத்து வீட்டுப் பெண்ணு ஊரான் பிள்ளைக்குப் பீத்துணி அலசப் போறாளா?" என்றார் காரணவர்.

"பிள்ளைகளுக்குத்தானே மாமா," என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் போனாள். காரணவர் ஊரில் நாலு பெரியவர்களை அழைத்துக்கொண்டு பழையாற்றில் இறங்கித் தலை முழுகினார். செத்தவர்களுக்கு முழுகுவது போலத்தான். ஆனால் உயிரோடு இருப்பவருக்கு ஒரு காரணவர் முழுகினால், அந்த ஆள் அந்த வீட்டில் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதன் பிறகு பேர் சொல்லக்கூடாது. எதிரே கண்டால் முகம் கொடுக்கக்கூடாது. தாணம்மாள் கரையில் நின்றாள். அவள் முழுகவில்லை. கண்டவர்கள் காணாதது போல இருந்துவிட்டார்கள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஆறு வருஷமும் அண்ணனும் தங்கையும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தாணம்மாள் சுசீந்திரம் கோயிலுக்குப் போய் வந்தாள். யார் பேருக்கு அர்ச்சனை என்று காரணவர் கேட்டதில்லை.

கார்த்திகை மாதம் அடைமழை நாளில் ஒரு கடற்கரைப் பெண் வீட்டு வாசல் படிப்புரையில் வந்து நின்றாள். சேலை முட்டுவரை நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி ஆயா, பேர் செசிலி, என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். தாணம்மாள் அப்போது வயல் பக்கம் போயிருந்தாள். காரணவர் மட்டும் இருந்தார்.

"அய்யா, உங்க நாயகியம்மைக்கு மேலு தீரெ வய்யாது, படுத்த படுக்கை," என்றாள் செசிலி. "இரணியல்லேந்து ஒரு கொச்சுப் பிள்ளை வந்துது. தொண்டை அடைப்பான். மூச்சு நிக்கப் போச்சுதுன்னு டாக்டரம்மா கழுத்தைக் கீறி வெள்ளிக் குழலு வச்சாவ. குழலும் அடைச்சுப் போச்சு. கொச்சு நீலமாயிட்டு. டாக்டரம்மா கருவி எடுக்கத் திரும்புன நேரத்துல நம்ம நாயகிப் பிள்ளை என்ன செஞ்சுதுன்னா, குழலுல வாயை வச்சு உறிஞ்சி அந்தச் சளியை எடுத்துத் துப்பிச்சு. கொச்சு பொழைச்சுது. இப்போ அந்த அடைப்பான் நாயகியம்மைக்குப் பிடிச்சுக்கிட்டு."

காரணவர் படிப்புரை ஓரம்வரை இறங்கி வந்தார்.

"உயிரு இருக்கா?" என்றார்.

"இருக்கு அய்யா. திருவந்தரத்துலேந்து மருந்து வந்து ஊசி போட்டாச்சு. ஆனா யாராவது ஒருத்தர் வந்து..."

"செரி. நீ போ."

அவள் போனாள். நனைந்து வந்தவளுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது, அவள் வரப்பு ஏறி மறைந்த பிறகு. தாணம்மாள் திரும்பி வந்தபோது அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் அந்தக் கணமே புறப்பட்டுப் போவாள். அவள் போனால் ஊரறிய முழுகிய முழுக்கு பொய்யாகும். இதில் கல்நெஞ்சம் என்று எதுவும் இல்லை. வீட்டின் வாக்கைக் காப்பவன் அன்றைக்குச் சொன்ன வாக்கை இன்றைக்கு விழுங்க முடியாது. ஆனால் அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால், தேரோட்டத்துக் கூட்டத்தில் அவருடைய தோளில் இருந்துகொண்டு குடுமியைப் பிடித்து இழுத்த நாலு வயதுப் பெண்தான் வந்தாள். அவளைக் காலமான கணக்கில் வைத்தவர் அவர்தான். அவள் காலமாகிவிடக் கூடாதே என்று பயந்து கிடந்தவரும் அவர்தான். போகவும் முடியாமல் போகாமலிருக்கவும் முடியாமல் மார்கழியும் தையும் கழிந்தன.

மாசி பிறந்தபோது கணபதியப்பன் பிள்ளை வந்தார். அவருக்கும் மேலமடத்து வீட்டுக்கும் ஒரு வாய்க்கால் தகராறு மூன்று தலைமுறையாக இருந்தது. அதனால் வாரம் ஒருமுறை தவறாமல் வருவார்.

"ஓய் காரணவரே, சங்கதி அறிஞ்சீரா? ஆஸ்பத்திரிக்கு அரண்மனைலேந்து மரியாதை வருது. டாக்டரம்மைக்குச் சால்வை. கம்பவுண்டருக்கு வாட்சு. ஒரு நர்சுக்குப் பட்டும் வளையும். யாரு நர்சுன்னு கேளும்."

காரணவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினார்.

"உம்ம மருமவ. உள்ளதா வே? முழுகின தலை காஞ்சுட்டா, இல்ல இன்னும் ஈரமா இருக்கா?"

வேறு ஆளாக இருந்தால் அந்தக் கேலிக்குப் பதில் சொல்லியிருப்பார். காரணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அது கோபத்தால் அல்ல.

பட்டும் வளையும் என்பது சாதாரண மரியாதை அல்ல. அரண்மனை ஒருவரை மெச்சிப் பட்டுத் துணியும் பொன் வளையும் கொடுத்தால், அது அந்த ஒருவரோடு போவதில்லை என்பது பழைய முறை. வீட்டுக் காரணவர் போய்த் தலைப்பாகையோடு நின்று வாங்க வேண்டும். வாங்கியது அந்த வீட்டின் பூசை அறையில் இருக்கும். நாராயணபெருமாள் பிள்ளையின் மாமனுடைய மாமன் பழையாற்றுக்குக் கரை கட்டிய வேலைக்காக அப்படி ஒன்று வாங்கியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே அவர் சுசீந்திரத்துக்குப் போய் வீட்டுக் காரியங்களுக்கு வருகிற கோயில் அர்ச்சகர் போத்தியைப் பார்த்தார்.

"உயிரோட இருக்கிறவங்களுக்குத் தலை முழுகினா, அதை மாத்துறதுக்கு ஏதாவது கிரியை உண்டா?"

போத்தி கெட்டிக்காரர், யாரைப் பற்றி என்று கேட்கவில்லை.

"வெட்டுறதுக்குத்தான் கிரியை இருக்கு பிள்ளைவாள். ஒட்டுறதுக்கு ஒண்ணும் எழுதி வைக்கல்லையே. யாரும் திரும்பிக் கேட்டு வரமாட்டான்னு விட்டுட்டாங்களோ என்னவோ."

"ராஜா வீட்டு மரியாதை வந்தா?"

"எந்த வீட்டுக்கு வருதோ அந்த வீட்டு ஆளுன்னுதானே அர்த்தம்? அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

காரணவருக்கு அது போதும். வண்டியில் திரும்பும்போது அவர் கணக்குப் போட்டுக்கொண்டார். முழுகியது அவர். அவருக்கு மேலே இருப்பது அரண்மனை. அரண்மனை அவரைக் கூப்பிட்டு, உன் வீட்டுப் பெண்ணுக்கு உரியது இது என்று கையில் கொடுத்தால், முழுக்கு தானாகவே இல்லாமல் போகும். அவர் தன் வாயால் எதையும் மாற்ற வேண்டாம். அவளை அன்றைக்கே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. கணபதியப்பனால் கூட முடியாது.

இந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அரண்மனை அவரைக் கூப்பிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வேறு யாரைக் கூப்பிட முடியும்?

தங்கையிடம் இவ்வளவுதான் சொன்னார்: "நாயகிக்கு அரண்மனை பட்டும் வளையும் குடுக்குது. வெள்ளிக்கிழமை போகணும்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை அண்ணன் வாயால் கேட்டதும் தாணம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவளை வீட்டுக்குக் கூட்டியாருவோமா அண்ணே?"

"அதுக்குத்தான் போறோம்."

அவள் அறையைக் கழுவி மெழுகினாள். மகளுக்குப் பிடித்த முந்திரிக்கொத்து செய்து ஒரு தூக்கில் அடைத்துக்கொண்டாள். வண்டியில் போகும்போது வழியெல்லாம் அதைத் திறந்து திறந்து பார்த்தாள். காரணவர் தோளில் சரிகைக் கசவு நேரியதும் தலைப்பாகையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பந்தலில் முன்வரிசையில் இடம் கிடந்தது. காரணவர் போய் உட்கார்ந்தார். தாணம்மாள் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கம்பவுண்டர் குமாரதாஸிடம் போனாள்.

"தம்பி, நாயகி எங்க? நான் அவளுக்க அம்மை."

குமாரதாஸ் வேடிக்கையாகப் பேசுகிற மனுஷன். அதுவரை தாய்மாரிடம், ஊரிலுள்ள வயிற்றுவலிக்கெல்லாம் மருந்து கலக்கினவனுக்கு ஒரு கடிகாரம்தான், இனி டோஸுக்கு நேரம் தவறினால் சாக்குச் சொல்ல முடியாது என்று சிரித்துக்கொண்டிருந்தார். தாணம்மாளின் முகத்தையும் கையிலிருந்த தூக்கையும் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எம்மா, இதெல்லாம் அவங்களால இப்போ விழுங்க முடியாது. பைய உள்ள வாங்க. நான் காட்டித் தாறேன்."

தாணம்மாள் எதுவும் புரியாமல் அவர் பின்னால் போனாள். காரணவர் அதைப் பார்த்தார். எழுந்து தடுக்க நேரமில்லை. பேஷ்காரின் கார் வந்துவிட்டது.

பேஷ்கார் நல்லவிதமாகப் பேசினார். ஆஸ்பத்திரி வந்த பிறகு அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் சாவது குறைந்ததைச் சொன்னார். டாக்டர் அன்னம்மாவுக்குச் சால்வை போர்த்தினார். குமாரதாஸ் ஓடி வந்து வாட்சை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார், பந்தல் சிரித்தது. பிறகு குமாஸ்தா எழுந்து, தாழக்குடி மேலமடத்து வீட்டு அழகியநாயகி என்று வாசித்தார்.

வீட்டின் பேர் வந்துவிட்டது. காரணவர் தலைப்பாகையைச் சரிசெய்தார். அவர் எழுந்து நின்றார்.

"அவருக்குப் பதிலாக வாங்குவது," என்று குமாஸ்தா தொடர்ந்தார், "ஆயா செசிலி."

செசிலி பின்னால் ஒரு தூணருகே பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் காரணவரைப் பார்த்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"யஜமான், ஒரு பிழை இருக்கு," என்றார் காரணவர். குரல் சரியாகத்தான் வந்தது. "பட்டும் வளையும் வீட்டுக்கு உரிய மரியாதை. மேலமடத்து வீட்டுக் காரணவன் நான். இங்க நிக்கிறேன்."

பேஷ்கார் மரியாதை தெரிந்தவர். கைகூப்பினார். "காரணவரே, பண்டு அதாணு முறை. இப்போ சட்டம் மாறியாச்சு. இது ஆளுக்கு உரியது. ஆளு சொன்னது போலச் செய்யணும்."

"சீக்காக் கிடக்கிறவ எப்படிச் சொன்னா?"

டாக்டர் அன்னம்மா எழுந்தார். "தொண்டை தளர்ந்துபோச்சு, பேச்சு வராது. புத்தி தெளிவா உண்டு. நானே போய்க் கேட்டேன். வீட்டிலிருந்து ஆரையெங்கிலும் விளிக்கணுமோ என்று. வேண்டாம் என்று தலையாட்டினாள். பின்னே ஆரு வாங்கணும் என்று கேட்டேன். இவளைக் காட்டினாள். நாலு மாசமா இவள்தான் ஸ்பூனில் பால் கொடுக்கிறது. மூக்கு வழி வெளியே வரும். துடைச்சுட்டு மறுபடி கொடுக்கும்."

உட்கார வேண்டும் என்று தெரிந்தும் காரணவர் நின்றுகொண்டே இருந்தார். கணபதியப்பன் பிள்ளை பின்னாலிருந்து நேரியதைத் தொட்டார். "இரியும் ஓய்," என்றார் மெதுவாக. அன்றைக்கு அவருடைய குரலில் கேலி இல்லை. அது காரணவருக்கு இன்னும் பாரமாக இருந்தது.

செசிலி பிள்ளையை ஒரு தாயிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பட்டையும் வளையையும் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பிறந்த பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினாள். பிறகு யாரையும் பார்க்காமல் வார்டுக்குள் நடந்தாள். காரணவர் அவள் பின்னால் போனார். வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை.

வார்டில் லோஷன் வாடை. இருபுறமும் சின்னச் சின்ன இரும்புக் கட்டில்கள். கோடி அறையில் அழகியநாயகி தலையணையில் சாய்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஐம்பது வயது முகம். தாணம்மாள் காலடியில் உட்கார்ந்து, மெலிந்துபோன பாதம் இரண்டையும் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தூக்கு தரையில் மூடியபடியே இருந்தது.

செசிலி பட்டையும் வளையையும் மடியில் வைத்ததும் அழகியநாயகி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செசிலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாசலில் நின்ற மாமனைக் கண்டாள். முகத்தைத் திருப்பவில்லை.

அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த வாசலைத் தாண்டுவதற்கு அவருக்குக் கிரியை எதுவும் இல்லை. அரண்மனை தந்திருக்க வேண்டிய வழியும் அடைபட்டுவிட்டது. சொந்த வாயைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமில்லை.

"நாயகி," என்றார். "வண்டி நிக்குது. வா மக்கா. வீட்டுக்குப் போவோம்."

அவருடைய ஆயுளில் அவர் யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

அழகியநாயகி அவரையே பார்த்தாள். கோபம் இருந்தால் கண்டுபிடித்திருப்பார். அதற்கு ஒரு பதிலும் வைத்திருப்பார். கோபம் இல்லை. மெதுவாக, இல்லை என்று தலையை அசைத்தாள்.

தாணம்மாள் பதறிப்போனாள். "ஏட்டி, மாமாவே வந்து விளிக்கியாவ. இப்பம்தானே அவ்வோளுக்கும் சங்கதி தெரியும். முன்னாலயே அறிஞ்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டோமா?"

செசிலிக்கு அது பொறுக்கவில்லை. குற்றம் சொல்ல அல்ல. தான் சொல்லாமல் விட்டதாக அந்தத் தாய் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னாள். "நான் கார்த்திகையிலேயே வந்து சொன்னேனே அம்மா. நல்ல மழை. அய்யாதான் இருந்தாவ."

தாணம்மாளின் கை நின்றது.

"அண்ணே, நீங்க அறிஞ்சிருந்தியளா?"

அந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். ஆயா ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்றால் தங்கை நம்பியிருப்பாள். ஆறு வருஷம் அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தவள்தானே.

"அறிஞ்சிருந்தேன்," என்றார் காரணவர்.

அழகியநாயகி அம்மையின் தோளைத் தொட்டாள். அவளுக்கு இது புதிய செய்தி அல்ல. செசிலி மழையில் போய் வந்த நாளே அவள் அறிந்திருந்தாள். வரமாட்டார்கள் என்று அறிந்துதான் நாலு மாசம் அந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறாள்.

தாணம்மாள் அழவில்லை, திட்டவுமில்லை. மகளின் காலை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். திரும்பாமலே சொன்னாள்: "இருட்டுறதுக்கு முந்தி வண்டியைக் கொண்டு போங்க அண்ணே. மாடு பசியா நிக்கும்."

"நீ?"

"நான் இவளுக்குப் பால் குடுக்கப் படிக்கணும்."

காரணவர் அங்கே நின்றார். செசிலி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அய்யா, இருங்க," என்றாள். அவர் உட்காரவில்லை. அடுத்த அறையில் ஒரு குழந்தை இருமியது. அழகியநாயகி உடனே தலையைத் திருப்பிக் காதுகொடுத்தாள்; செசிலி எழுந்து ஓடினாள். மூன்று பெண்களுக்கும் செய்ய வேலை இருந்தது. அவருக்கு மட்டும் அங்கே ஒரு வேலையும் இல்லை.

பங்குனியில் அவர் மறுபடியும் போனார். அவள் கம்பைப் பிடித்து நாலடி நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டார். தலையை அசைத்தாள். சித்திரை விஷுவுக்கு முந்தின நாள் போனார். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "ஆனி மாசம் டியூட்டிக்குச் சேரச் சொல்லியிருக்காங்க மாமா," என்றாள். தாணம்மாள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். வீட்டைப் பற்றி இருவரும் கேட்கவில்லை. பட்டும் வளையும் அவளுடைய தகரப் பெட்டியில் இருந்தன. காரணவர் அதைப் பார்க்கக் கேட்கவில்லை. மேலமடத்து வீட்டில் மெழுகி வைத்த அறை மெழுகியபடியே கிடந்தது.

பட்டும் வளையும் வேறு கைக்குப் போன கோபத்தில் காரணவர் தங்கையையும் மருமகளையும் வீட்டில் ஏற்றவில்லை, கதவை அடைத்துவிட்டார் என்று தாழக்குடியிலிருந்து கோட்டாறு வரை பேசுகிறார்கள். அது பொய். அவர் கதவை அடைக்கவில்லை. கூப்பிட்டார். அவர்கள் வரவில்லை.